ஹோல்ஸ்டரில் (துப்பாக்கி உறையில்) செதுக்கல் மழுங்கியே வருகிறது. எங்கே தவறு?

சனிக்கிழமைத் தோல் (டல்லாஸ் பக்கம்)

வணக்கம். ரெண்டு வருஷமா வந்து படிச்சிட்டு மட்டும் போறவன், இன்னிக்குத்தான் எழுதுறேன். வார நாள்ல கணினி, சனிக்கிழமை கராஜ்ல தோல்.

இங்க கவ்பாய் ஆக்‌ஷன் ஷூட்டிங்னு ஒரு போட்டி நடக்கும். 1800களோட கடைசிக் காலத்து உடை, அந்தக் காலத்து மாடல் துப்பாக்கி, ஆளாளுக்கு ஒரு புனைபெயர். இதுக்கான சங்கம் 1987ல ஆரம்பிச்சது. நண்பர் ஒருத்தர் வேடிக்கை பார்க்கக் கூட்டிட்டுப் போனார். எல்லாரும் குறியைப் பார்த்துட்டு இருந்தாங்க, நான் அவங்க இடுப்பையே பார்த்துட்டு இருந்தேன். அப்படி ஒரு தோல் வேலை! வந்த கையோட கத்தி வாங்கியாச்சு.

இது என்னோட மூணாவது ஹோல்ஸ்டர். ரூகர் வக்கேரோ ரிவால்வருக்கு, 4⅝ அங்குலக் குழல். மெக்ஸிகன் லூப் மாடல், அதாவது ஒரே தோல்ல பை ஒரு பக்கம், பின்தகடு ஒரு பக்கம். தகட்டை மேல மடிச்சு இறக்கி, அதுல வெட்டின பட்டைக்குள்ள பையை நுழைக்கணும். தோல் கனம் 8–9 அவுன்ஸ், நம்ம கணக்குல 3.2லேர்ந்து 3.6 மி.மீ. மரப்பட்டையில பதனிட்டது.

தையல் பரவாயில்ல. செதுக்கல்தான் படத்துல பாருங்க, சப்பாத்தி மாவுல விரலால கோடு இழுத்த மாதிரி இருக்கு. மத்தவங்க பூ எழுந்து நிக்குது, என் பூ படுத்துக் கிடக்குது. ஸ்பாஞ்சால நல்லா நனைச்சு உடனே வெட்ட ஆரம்பிச்சிடுறேன். இருபது டூல் வச்சிருக்கேன். இன்னும் நல்ல டூல் வாங்கணுமா?

---

ஊசியும் மெழுகும் (டொரண்டோ)

தம்பி, படம் பாத்தனான். டூல் ஒண்டும் வாங்காதேங்கோ. உங்கட விடையை நீங்களே எழுதிப்போட்டியள்: "நனைச்சு உடனே".

தோல் ஈரமா இருக்கிறது வேற, பதமா இருக்கிறது வேற. சொட்டச் சொட்ட நனைஞ்ச தோலில அடிச்சா நார் நசிஞ்சு கொஞ்ச நேரத்தில திரும்ப எழும்பிவிடும். பதத்தில அடிச்சா அடிச்ச இடம் அப்பிடியே நிக்கும், அதோட ஒரு கபில நிறமும் வரும். சாயம் பூசாமலே நிழல் விழுந்தமாதிரி. உங்கட மூண்டாவது படத்தில அந்த நிறம் ஒரு இடத்திலயும் இல்லை. அதிலயே எனக்கு விளங்கிட்டுது.

நான் செய்யிற விதம் சொல்லுறன். முதல் நாள் பின்னேரம் தோலை இளஞ்சூட்டுத் தண்ணியில குமிழி அடங்குமட்டும் வைச்சு எடுப்பன். மேல் நிறம் வெளுக்கத் தொடங்கின உடன பிளாஸ்டிக் பையில போட்டுக் கட்டி இரவு முழுக்க விடுவன். ஈரம் உள்ளுக்கும் வெளியிலயும் ஒரே அளவாப் பரவும். விடிய எடுத்துத் திறந்து வையுங்கோ. நிறம் காய்ஞ்ச தோல்மாதிரித் தெரியவேணும், ஆனா கன்னத்தில வைச்சுப் பாத்தா குளிரவேணும். அதுதான் நேரம். அரை நாளுக்கு வேலை செய்யலாம். இடையில காய்ஞ்சா ஈரப் பஞ்சால லேசா ஒருக்கா, அவ்வளவுதான். அண்டைக்கு முடியாட்டி பையோட ஃபிரிட்ஜுக்க வையுங்கோ. வெளியில விட்டா பூஞ்சணம் பிடிக்கும்.

---

ஆம்பூரான்

அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. நான் டேனரிக்காரன், அதனால தோல் பக்கத்துலேர்ந்து ஒரு வார்த்தை.

பட்டைப் பதத்துல டானின் (பட்டையோட துவர்ப்புச் சாரம்) நாருக்குள்ள போய் நிரம்பி உக்காருது. அதனாலதான் அந்தத் தோல் தண்ணி குடிக்கும், அழுத்தினா அழுந்தும், காஞ்சா அந்த உருவத்துலயே நிக்கும். குரோம் உப்புல பதனிட்ட தோல் அப்படி இல்ல. எவ்வளவு அடிச்சாலும் ரப்பர் மாதிரி திரும்பி வந்துடும். பேக், ஷூ மேல்தோலுக்கு அது சரி, செதுக்கலுக்கு உதவாது. கடையில வாங்கும்போது வெட்டு விளிம்பைப் பாருங்க. நடுவுல நீலமோ சாம்பலோ தெரிஞ்சா குரோம்.

இன்னொண்ணு, எந்த இடத்துத் தோல்? வயித்துப் பக்கம்னா இழுத்த இழுப்புக்கு வரும், கோடு நிக்காது. ஹோல்ஸ்டருக்கு முதுகு, தோள். உங்க படத்துல கீழ்ப்பக்கம் சுருக்கம் தெரியுது. வயிறு கலந்திருக்கோ?

---

சனிக்கிழமைத் தோல்

பாய், கண்ணாலயே கண்டுபிடிச்சிட்டீங்க. மலிவா கிடைச்சுதுன்னு ஒரு பக்கத்தோல், அதுல வயிறுதான் பாதி. 😔 அடுத்ததுக்கு செயிண்ட் லூயிஸ்ல 1881லேர்ந்து ஓடுற ஹெர்மன் ஓக் டேனரித் தோல் ஒரு தோள்பகுதி ஆர்டர் போட்டிருக்கேன். நம்ம ஊர் ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல்ல செய்யலாமான்னும் ஒரு ஆசை. ஆவாரம் பட்டை போட்டுப் பதனிட்டது, பேரே ஒரு பெருமை.

அக்கா, இன்னொரு சிக்கல். ஸ்விவல் கத்தி (விரலுக்குள்ள சுழல்ற செதுக்குக் கத்தி) வளைவுல இழுபடுது. கோடு மேட்டுல ஏறின வண்டி மாதிரி விட்டு விட்டுப் போகுது.

---

ஆம்பூரான்

ஈ.ஐ. தோல் பேர் பெத்த தோல்தான், ஆனா உங்க வேலைக்கு யோசிச்சு வாங்குங்க. ஆடு, செம்மறி நிறைய. மாட்டுத்தோலும் வருது, ஆனா 3.5 மி.மீ. கனத்துல கிடைக்கிறது கஷ்டம். எண்ணெய் ஏத்தி முடிக்கிறதால தண்ணி சீராக் குடிக்காது. உள்பக்க லைனிங்குக்குப் போடுங்க, அருமையா இருக்கும். முன்னாடி ஆவாரம் பட்டை, கடுக்காய். இப்ப பெரும்பாலும் வாட்டில் பட்டைதான் ஓடுது.

---

ஊசியும் மெழுகும்

கத்தி இழுபட்டா கத்தி மொட்டை. கடையில வாங்கின கத்தி கூரா வரும் எண்டு நம்பாதேங்கோ. ஒரு தோல்துண்டை மட்டையில ஒட்டி, பச்சைப் பாலிஷ் கட்டி பூசி, அதில கத்தியைப் பின்னோக்கி இழுங்கோ. இருபது தரம், முப்பது தரம். அலகு கண்ணாடிமாதிரி மினுங்கவேணும். கூர் மட்டும் போதாது, மினுக்கமும் வேணும். தோலுக்குள்ள வழுக்கிக்கொண்டு போறது மினுக்கம்தான். வேலை செய்யேக்க பத்து நிமிசத்துக்கு ஒருக்கா திரும்ப மட்டையில இழுங்கோ.

பக்கவாட்டில கத்தி நேரா நிக்கவேணும். சரிஞ்சா ஒரு கரை அடியில குடைஞ்சுபோகும், பெவலர் (வெட்டின கோட்டின்ர ஒரு பக்கத்தை அமத்திச் சரிக்கிற டூல்) அடிக்கேக்க அந்தக் கரை பிஞ்சுவிடும். ஆழம் தோலின்ர கனத்தில மூண்டிலொண்டு. வளைவில கையைத் திருப்பாதேங்கோ, விரலுக்க கத்தியை உருட்டுங்கோ. ரண்டு கோடு சந்திக்கிற இடத்தில முட்டவிடாம மயிரிழை விட்டு நிப்பாட்டுங்கோ. முட்டினா அந்த முனை செதிலா எழும்பும்.

அடுத்தது பெவல். உங்கட பூ படுத்துக்கிடக்கிறதுக்கு பாதிக் காரணம் ஈரம் எண்டால் மிச்சப் பாதி இது. நீங்கள் ஒரு அடி, தள்ளி ஒரு அடி எண்டு அடிச்சிருக்கிறியள். ஒவ்வொரு அடியும் தனித்தனியாத் தெரியுது, கோழி கொத்தினமாதிரி. பெவலர் கோட்டுக்குள்ள ஓடிக்கொண்டே இருக்கவேணும். அரைவாசி மேலமேல விழவேணும். மற்றது, எல்லா இடமும் ஒரே ஆழம் அடிக்கக்கூடாது. இதழுக்குக் கீழ தண்டு போற இடத்தில நல்லா இறக்கி, வெளியில வர வர ஆறுதலா மேல வாங்கோ. கண் ஏமாறுறது அதிலதான்.

இருபது டூலை ஒரு பெட்டியில போட்டுப் பூட்டுங்கோ. கத்தி, ரண்டு பெவலர், ஒரு பேரிக்காய் ஷேடர், ஒரு நரம்பு டூல், ஒரு விதை டூல், ஒரு பின்னணி டூல். நான் முதல் ஒண்டரை வருசம் இதுகளோடதான் இருந்தனான்.

---

பழைய ஆர்மரர் (கோவை)

அலங்காரம் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் பணியில் இருந்த காலம் முழுவதும் உறைகளையும் அதிலிருந்து வெளிவந்த துருப்பிடித்த ஆயுதங்களையும் பார்த்தவன் என்ற முறையில் சில செய்திகள்.

முதலில், பட்டறையில் நிஜத் துப்பாக்கி வேண்டாம். அளவு எடுக்கவும் அச்சு பிடிக்கவும் அதே அளவில் பிளாஸ்டிக் டம்மி கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் மரத்தில் கடைந்துகொள்ளுங்கள். அதுவும் முடியாமல் நிஜத்தைத்தான் வைக்க வேண்டும் என்றால், அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது.

இரண்டாவது, ட்ரிகர் பகுதியைத் தோல் மூட வேண்டும். பழைய மாடல் என்று சொல்லி அந்த இடத்தைத் திறந்து வெட்டுகிறார்கள். உங்கள் இரண்டாவது படத்திலும் அப்படித்தான் தெரிகிறது. பூ நன்றாக வருவதற்கு முன் இது சரியாக வேண்டும்.

மூன்றாவது, துப்பாக்கியை உறைக்குள் வைத்தே அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். தோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். கோவையில் மழைக்காலத்தில் இரண்டு மாதம் போதும்.

---

சனிக்கிழமைத் தோல்

சார், ரொம்ப நன்றி. ட்ரிகர் விஷயம் எனக்கு உறைக்கவே இல்ல. பழைய படம் ஒண்ணைப் பார்த்து அப்படியே வெட்டிட்டேன். அடுத்ததுல மூடிடுறேன். டம்மியும் வாங்கிட்டேன், நீலக் கலர் பிளாஸ்டிக்.

---

உளிச்சத்தம் (மாமல்லபுரம்)

நான் கல் வேலைக்காரன். தோல் தொட்டதில்லை. இந்த இழையைச் சும்மா படித்துக்கொண்டு வந்தேன், உங்கள் படத்தைப் பார்த்ததும் கை அரிக்கிறது.

ஈரமும் கத்தியும் சரியானாலும் இந்தப் பூ நிற்காது. ஏன் என்றால் கொடி எங்கிருந்து கிளம்புகிறது என்று உங்கள் வரைபடத்திற்கே தெரியவில்லை. இடது பக்கம் ஒரு தண்டு ஆகாயத்தில் பிறக்கிறது. வலது மூலையில் இடம் காலியாகிவிட்டதே என்று ஒரு இலையை ஒட்டியிருக்கிறீர்கள்.

எங்கள் வேலையில் கொடிக்கருக்கு என்று ஒன்று உண்டு. திருவாசியிலும் தூணிலும் வாசல் நிலையிலும் சுருண்டு சுருண்டு ஓடும் கொடி. முதலில் வரைவது பூவை அல்ல, ஓட்டத்தை. ஒரே கோடு, இடமும் வலமும் வளைந்து போகும். ஒவ்வொரு வளைவின் வயிற்றிலும் ஒரு சுருள். ஒவ்வொரு கிளையும் தாய்த்தண்டிலிருந்து அதன் போக்கிலேயே பிரியும், எதிர்த்துப் பிரியாது. எந்த இலையில் விரலை வைத்துப் பின்னோக்கி இழுத்தாலும் வேர் வரை போய்ச் சேர வேண்டும். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவித்தான் சரிபார்ப்பார்.

அமெரிக்காக்காரர்களின் நல்ல வேலைகளைத் தேடிப் பார்த்தேன். அவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். வட்டங்களைப் போட்டு, வட்டத்துக்குள் பூவை உட்கார வைத்து, தண்டை வட்டத்தைச் சுற்றி ஓடவிடுகிறார்கள். அந்தப் பாணிக்குப் பெயர் என்ன?

---

சனிக்கிழமைத் தோல்

அண்ணே, அது ஷெரிடன் பாணி. வயோமிங்ல ஷெரிடன்னு ஒரு சின்ன ஊர். அங்க டான் கிங்னு ஒரு சேணக்காரர் இருந்தார், 1991ல தேசிய பாரம்பரிய விருது வாங்கினவர். பூவைச் சின்னதாக்கி, நிறையப் போட்டு, வட்டச் சுழல்ல கொடியை ஓட விட்டது அவர் கைங்கரியம்தான். அதுக்கு முன்னாடி பெரிய பெரிய பூவா இருக்கும்.

நீங்க சொன்ன மாதிரி என் டிசைன்ல விரலை வச்சு இழுத்துப் பார்த்தேன். ஏழு இலை அநாதை. 🤦

இணையத்துல எடுத்த படம். பெல்ட்டுக்குப் போட்டதை ஹோல்ஸ்டர் வடிவத்துக்கு அமுக்கித் திணிச்சிருக்கேன்.

---

உளிச்சத்தம்

அதுதான் விஷயம். பெல்ட் ஆறு மாதிரி, ஒரே திசையில் ஓடும். உறை மேலே அகலம், கீழே ஒடுக்கம். கொடியை முனையிலிருந்து கிளப்பி மேலே விரிய விடுங்கள். பெரிய பூ மேலே, மொட்டு கீழே. கடன் வாங்கிய வரைபடம் வேண்டாம். வெறும் காகிதத்தில் வட்டமும் தண்டும் மட்டும் ஒரு வாரம் போடுங்கள்.

---

ஊசியும் மெழுகும்

உளிச்சத்தம் அண்ணை சொன்னதைக் கேட்டு நானே ரண்டு பழைய டிசைனைக் கிழிச்சுப் போட்டன். 😀

தம்பி, ஹோல்ஸ்டருக்கெண்டே இருக்கிற ஒரு சிக்கலையும் கதைக்கவேணும். பெல்ட் தட்டையாவே கிடக்கும். ஹோல்ஸ்டரைச் செதுக்கி முடிச்ச பிறகு மடிக்கிறியள், தைக்கிறியள், நனைச்சு அச்சுப் பிடிக்கிறியள். மூண்டும் செதுக்கலுக்கு எதிரி.

மடிப்பு விழுற கோட்டில பூவை வைச்சால் இழுபட்டு முகம் கோணும். காகிதத்தில வெட்டி, மடிச்சு, டம்மியைச் சுத்தி வைச்சு, கண்ணுக்குத் தெரியிற பகுதியைப் பென்சிலால குறியுங்கோ. அதுக்குள்ளதான் பூ. தையலுக்குக் கரையில கால் அங்குலம் விடுங்கோ. லூப் பட்டை மறைக்கிற இடத்தில வேலைசெய்து நேரத்தை வீணாக்காதேங்கோ.

அடிக்கிறதுக்கு முன்னம் சதைப் பக்கத்தில அகலமான பாக்கிங் டேப் ஒட்டுங்கோ. இல்லாட்டி ஒவ்வொரு அடிக்கும் தோல் விரியும். முடிவில பாத்தா உங்கட வடிவம் ரண்டு மூண்டு மி.மீ. வளந்து நிக்கும், தையல் ஓட்டை ஒண்டுக்கொண்டு பொருந்தாது.

அச்சுப் பிடிக்கிற விசயத்தில நான் கண்டிப்பானவள். சில பேர் எலும்புக் கருவியால தேச்சு துவக்கின்ர ஒவ்வொரு மூலையும் தெரியிறமாதிரி எடுப்பினம். செதுக்கின தோலில அதைச் செய்யாதேங்கோ. செதுக்கல் வேணுமா, நுணுக்கமான அச்சு வேணுமா, ஒண்டைத் தெரிவுசெய்யுங்கோ. உங்கட ரிவால்வருக்குச் சிலிண்டர் இருக்கிற இடத்தை உள்ளுக்கிருந்து கொஞ்சம் விரிச்சாப் போதும், மிச்சத்தைத் தோல் தானே பழகும். நனைக்கிறதும் உள்பக்கத்தாலதான்.

மெக்ஸிகன் லூப்பில உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கு. பின்தகட்டில அச்சு வேலை இல்லை, தட்டையாவே நிக்கும். முக்கிய வேலையை அதில போடுங்கோ. பையில ஒரு கரையும் ஒரு பூவும் காணும்.

---

நடுராத்திரி (புதியவர்)

நான் எல்லாத்துக்கும் மேல கறுப்புச் சாயம் அடிச்சிடுவேன். தப்பு எதுவும் தெரியாது 😄

---

சனிக்கிழமைத் தோல்

ஹாஹா. என்னோட முதல் ஹோல்ஸ்டர் கறுப்புதாங்க.

கறுப்புன்னதும் ஞாபகம் வருது. புதுத் தோள்பகுதி வந்துச்சு. பயிற்சிக்கு ஒரு துண்டை நனைச்சு வச்சிருந்தேன். மறுநாள் பார்த்தா அங்கங்க நீலக்கறுப்புப் புள்ளி. பூஞ்சணமா?

---

ஆம்பூரான்

பூஞ்சணம் இல்ல, இரும்பு. ஈரத் தோல் மேல இரும்புத் தூளோ, முலாம் போன டூலோ பட்டா டானினோட சேர்ந்து அப்படியே கறுத்துடும். நீங்க கராஜ்ல கிரைண்டர் ஓட்டுறீங்களா? அந்தத் தூள் காத்துல பறந்து வந்து உக்காரும். எலுமிச்சம்பழத்தைத் தண்ணில பிழிஞ்சு தடவினா போயிடும், அப்புறம் வெறும் தண்ணியால துடைங்க.

இதே சங்கதியை நம்மாளுங்க எத்தனையோ காலமா வேலைக்கு வச்சிருக்காங்க. கலம்காரித் துணியைக் கடுக்காய்ல ஊறவச்சு, துருப்பிடிச்ச இரும்பை வெல்லத்தோட புளிக்க வச்ச தண்ணியால கோடு போட்டா கறுப்பாகும். அதே வித்தைதான்.

நடுராத்திரி தம்பிக்கும் இது உதவும். வினிகர்ல இரும்புக் கம்பளியைப் போட்டு ரெண்டு மூணு வாரம் விட்டா ஒரு தண்ணி வரும். அதைத் தடவினா பட்டைப் பதத் தோல் கண்ணு முன்னாடியே கறுக்கும். சாயம் மாதிரி சட்டையில ஒட்டாது, தோலே கறுத்துப்போனது அது. அப்புறம் சோடா உப்புத் தண்ணில ஒரு தடவை அமிலத்தை முறிச்சிட்டு எண்ணெய் போட்டுடணும். எண்ணெய் போடலைன்னா வறண்டு வெடிக்கும். ஆனா தம்பி, அது தப்பை மறைக்காது. நிழல் பட்டா பள்ளம் மேடு எல்லாம் தெரியும்.

---

சனிக்கிழமைத் தோல்

அஞ்சு வாரம் கழிச்சு வர்றேன். படம் போட்டிருக்கேன்.

கிரைண்டரை வெளிய தூக்கிட்டேன். ரெண்டு வாரம் தோலையே தொடல, காகிதத்துல வட்டமும் தண்டும்தான். வீட்ல "கோலப் போட்டிக்குப் போறியா"ன்னு கேட்டாங்க. அப்புறம் தினம் அரை மணி நேரம் ஒரே பூ, துண்டுத் தோல்ல, பின்னாடி தேதி எழுதி. முதல் பூவையும் பதினாலாவது பூவையும் பக்கத்துல வச்சா எனக்கே நம்பிக்கை வரல. கிரானைட் கடையில சிங்குக்கு வெட்டியெடுத்த கல்லைச் சும்மாவே குடுத்தாங்க; மரப்பலகைக்குப் பதிலா அது மேல அடிச்சா சத்தமே வேற, அடி வீணாகல.

அக்கா சொன்ன கபில நிறம் முதல் தடவை வந்தப்போ கத்திட்டேன். கன்னத்துல வச்சுப் பார்க்கிறதை மகள் போட்டோ எடுத்து வச்சிருக்கா.

சாயம் அடிக்கல. லேசா நீட்ஸ்ஃபுட் எண்ணெய் (மாட்டுக் கால்லேர்ந்து எடுக்கிறது) பூசி ரெண்டு நாள் வெயில்ல வச்சேன், தேன் நிறம் வந்துச்சு. கோட்டுக்குள்ள மட்டும் ஆன்டிக் பேஸ்ட் (பள்ளத்துல நிழல் காட்டுற அடர்நிறப் பசை) இறங்கணும்னு முதல்ல மேல தடுப்புப் பூச்சு ரெண்டு கை போட்டுக் காயவிட்டேன். ட்ரிகர் மூடியாச்சு, சார்.

எல்லாம் முடிச்சு டம்மியை உள்ள வச்சு இடுப்புல கட்டிப் பார்த்தேன். பூ உடம்புப் பக்கம் திரும்பி நிக்குது. படியெடுத்த பிளாஸ்டிக் தாளைக் குப்புறப் போட்டு வரைஞ்சிருக்கேன். இது இடது கை ஹோல்ஸ்டர். நான் வலது கைக்காரன்.

---

ஊசியும் மெழுகும்

ஐயோ தம்பி! 😂 சிரிக்கக்கூடாது, ஆனா சிரிச்சுப்போட்டன்.

வேலை வடிவா வந்திருக்கு. நடுப் பூவுக்குக் கீழ தண்டு இறங்கிற இடம் நான் அடிச்சமாதிரியே கிடக்கு. பின்னணி மட்டும் ஒரு இடத்தில ஆழம் குறைவு, மேல இடது மூலை. ஈரம் காய்ஞ்ச பிறகு அடிச்சிருக்கிறியள் போல.

---

உளிச்சத்தம்

விரலை வைத்து இழுத்தேன். எல்லா இலையும் வேர் வரை போகிறது.

---

பழைய ஆர்மரர்

அந்தப் போட்டியில் ஒவ்வொருவரும் இரண்டு ரிவால்வர் வைத்திருப்பார்கள் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் இடது பக்கத்துக்கும் ஓர் உறை தேவைதானே?

---

சனிக்கிழமைத் தோல்

சார்... ஆமா. ரெண்டு வேணும். போன மாசம்தான் ரெண்டாவது வக்கேரோ வாங்கினேன்.

அப்போ இடது முடிஞ்சுது. வலதுக்கு இருக்கிறது அந்தச் சப்பாத்தி மாவு ஒண்ணுதான், அதோட இதைச் சேர்த்துக் கட்ட முடியாது. மிச்சத் தோள்பகுதியில ஒண்ணு வரும். இன்னிக்கு ராத்திரி நனைச்சுப் பையில போடுறேன். தாள்ல பெருசா "இது மேல்பக்கம்"னு மார்க்கர்ல எழுதியாச்சு.